கைப்பேசியில் சார்ஜ் ஏறவில்லையா? அறிகுறி வாரியாகக் காரணங்களும் சோதனைகளும்

கைப்பேசியில் சார்ஜ் ஏறவில்லை என்றவுடன் பலரும் பேட்டரி போய்விட்டது என்றே முடிவு செய்கிறார்கள். வீட்டாருக்கும் உடன் பணிபுரிவோருக்கும் இந்தக் கோளாறைத் தொடர்ந்து பார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்வதானால், பேட்டரியில் போய் முடிகிற புகார்கள் குறைவு. கேபிளிலும், போர்ட்டுக்குள் (கேபிளைச் செருகும் துளைக்குள்) அடைந்த பஞ்சிலும், அமைப்புகளில் எப்போதோ இயக்கிவிட்டு மறந்துபோன ஒரு தெரிவிலும் முடிகிறவையே அதிகம். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும், பணம் கேட்கிற காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையை மாற்றாமல் சோதிக்க வேண்டும்.

எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. சுவர் பிளக், அடாப்டர், கேபிள், கைப்பேசி ஆகிய நான்கில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். அடாப்டரையும் கேபிளையும் சேர்த்து மாற்றிவிட்டுச் சரியாகிவிட்டது என்று மகிழ்ந்தால், கெட்டது எது என்று தெரியாமலேயே இரண்டையும் தூக்கி எறிய வேண்டியிருக்கும். மாற்றாக வைக்கும் பொருள் வேறொரு கைப்பேசியில் நன்றாக வேலை செய்வதாகவும் இருக்க வேண்டும்.

பின்மூடி உப்பியிருந்தாலோ, வேதிப்பொருள் வாடை வீசினாலோ வேறு எந்தச் சோதனையும் வேண்டாம். நேராக ‘கையில் பிடிக்க முடியாத சூடு, வீக்கம், வாடை’ என்ற பகுதிக்குச் சென்றுவிடுங்கள்.

செருகினாலும் எந்த அடையாளமும் வரவில்லை

முதலில் சுவர் பிளக்கில் வேறு ஏதாவது ஒரு சாதனத்தைச் செருகிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியின் சுவிட்ச் அணைந்திருப்பது சிரிப்புக்குரிய காரணமாகத் தோன்றலாம். ஆனாலும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பிளக் சரியாக இருந்தால் கேபிளை மாற்றுங்கள், பிறகு அடாப்டரை மாற்றுங்கள். அடாப்டரைக் காட்டிலும் கேபிள்தான் முன்பாகக் கெடும், ஏனெனில் நாள்தோறும் வளைவதும் இழுபடுவதும் அதுவே. வெளியே உறை முழுதாக இருக்க, தலைப்பகுதியை ஒட்டிய இடத்தில் உள்ளே கம்பி அறுந்திருப்பது வழக்கம்.

கைப்பேசி முழுவதும் தீர்ந்து பல நாள் கிடந்திருந்தால் அவசரப்படக் கூடாது. லித்தியம் பேட்டரியின் மின்னழுத்தம் மிகவும் கீழே இறங்கியிருக்கும்போது உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று மிகச் சிறிய மின்னோட்டத்தை மட்டும் அனுமதிக்கும். அந்த நேரத்தில் திரையை எரியவைக்கும் அளவுக்குக்கூட ஆற்றல் இருக்காது. நல்ல சார்ஜரில் செருகி அரை மணி நேரம் தொடாமல் விட்டுவிட்டு, அதன் பிறகு பாருங்கள்.

அப்போதும் திரை இருண்டே இருந்தால், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே மென்பொருள் உறைந்து நிற்க வாய்ப்பு உண்டு. பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பவர் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்துப் பத்து முதல் இருபது நொடி வரை அழுத்தினால் கட்டாய மறுதொடக்கம் நடக்கும். ஐபோன் 8 முதல் வந்த மாடல்களில் ஒலி கூட்டும் பொத்தானை ஒருமுறை தட்டி, ஒலி குறைக்கும் பொத்தானை ஒருமுறை தட்டி, பிறகு பக்கவாட்டுப் பொத்தானை ஆப்பிள் சின்னம் தோன்றும்வரை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். இதனால் தரவு எதுவும் அழியாது.

இவ்வளவுக்குப் பிறகும் அசைவில்லை என்றால் டார்ச் ஒளியில் போர்ட்டைப் பாருங்கள். அதைச் சுத்தம் செய்யும் முறை அடுத்த பகுதியில் இருக்கிறது. சுத்தம் செய்தும் பலனில்லை, கம்பியில்லா சார்ஜரில் வைத்தால் ஏறுகிறது என்றால் பழுது போர்ட்டில் என்பது ஏறக்குறைய உறுதி. கம்பியிலும் ஏறவில்லை, கம்பியில்லாமலும் ஏறவில்லை என்றால் பேட்டரி, சார்ஜிங் ஐசி (சார்ஜைக் கட்டுப்படுத்தும் சில்லு), மதர்போர்டு (முதன்மைச் சுற்றுப் பலகை) ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். அது பழுதுபார்ப்பவரின் வேலை.

கேபிளைக் குறிப்பிட்ட கோணத்தில் பிடித்தால் மட்டும் ஏறுகிறது

இந்த அறிகுறிக்கு மிக அதிகமான காரணம் பஞ்சுதான். சட்டைப்பையிலும் கைப்பையிலும் இருக்கும் நூல்துகள் போர்ட்டுக்குள் நுழைய, ஒவ்வொரு முறை கேபிளைச் செருகும்போதும் அது அடியில் அழுத்தப்பட்டுக் கெட்டியான மெத்தையாகிவிடுகிறது. எட்டிப் பார்த்தால் அடிப்பகுதி சுத்தமாக இருப்பதுபோலவே தெரியும், ஏனெனில் கண்ணில் படும் அடிப்பகுதியே பஞ்சுதான். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, கேபிளின் தலை முழுவதும் உள்ளே போகிறதா என்று பார்ப்பது. ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உலோகம் வெளியே தெரிந்தாலோ, செருகும்போது வழக்கமாகக் கேட்கும் ‘கிளிக்’ கேட்காமல் போனாலோ, உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது.

சுத்தம் செய்யும்போது கைப்பேசியை முழுவதும் அணைத்துவிட வேண்டும். மரப் பல்குச்சியோ மெல்லிய பிளாஸ்டிக் குச்சியோ போதும். குண்டூசி, சேஃப்டி பின், சிம் எடுக்கும் ஊசி போன்ற உலோகப் பொருள்கள் கூடவே கூடாது. யூஎஸ்பி சி போர்ட்டின் நடுவே மெல்லிய நாக்கு போன்ற பகுதி இருக்கிறது. அதன் இரு பக்கமும் பக்கத்துக்குப் பன்னிரண்டாக இருபத்து நான்கு தொடுமுனைகள் அமைந்திருக்கின்றன. அந்த நாக்கை நெம்பிவிட்டால் சில்லறைப் பழுது பெரும் பழுதாகும். ஆகவே குச்சியை நாக்குக்கும் சுவருக்கும் இடையில் செலுத்தி, ஓரமாகச் சுரண்டி, பஞ்சை மேல்நோக்கி இழுக்க வேண்டும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் ஈரம் உள்ளே போகும்.

சுத்தம் செய்த பிறகும் ஆட்டம் இருந்தால் புதிய கேபிள் ஒன்றால் சோதியுங்கள். யூஎஸ்பி சி அமைப்பில் கேபிளைப் பற்றிப் பிடிக்கும் ஸ்பிரிங் பகுதிகள் கைப்பேசியின் பக்கம் இல்லை, கேபிளின் தலைக்குள்ளேதான் வைக்கப்பட்டிருக்கின்றன. விலை குறைந்த பாகம் முதலில் தேயட்டும் என்ற எண்ணத்தில் செய்த ஏற்பாடு அது. போர்ட் தளர்ந்துவிட்டது என்று சொல்லப்படும் பல கைப்பேசிகளில் உண்மையில் தளர்ந்திருப்பது கேபிளின் தலைதான்.

புதிய கேபிளும் ஆடுகிறது, நடு நாக்கு சாய்ந்திருக்கிறது, தொடுமுனையில் பச்சையாகவோ கறுப்பாகவோ படிவு இருக்கிறது என்றால் போர்ட்டை மாற்ற வேண்டும். பல கைப்பேசிகளில் இது தனியான ஒரு சிறு சார்ஜிங் போர்டில் அமைந்திருப்பதால், அந்தப் போர்டை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். சிலவற்றில் மதர்போர்டிலேயே ஈயப்பற்று வைத்து இணைத்திருப்பார்கள், அப்போது கூலி கூடும். உங்கள் மாடல் எந்த வகை என்பதைப் பேரம் பேசுவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏறுகிறது, ஆனால் மிக மெதுவாக

முதலில் எதில் செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். கணினியின் யூஎஸ்பி 2.0 போர்ட் தரநிலைப்படி 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர்தான் கொடுக்கும், அதாவது 2.5 வாட். 5000 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்ட பேட்டரியில் ஏறக்குறைய 19 வாட் மணி ஆற்றல் அடங்கும். இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்தப் போர்ட்டில் அது நிரம்ப எட்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும், இடையில் திரையைப் பயன்படுத்தினால் நிரம்பாமலேயே போகலாம். பழைய 5 வாட் அடாப்டரில் அதே பேட்டரிக்கு நான்கைந்து மணி நேரம் ஆவது இயல்பு. இது கோளாறு இல்லை.

அடாப்டரின் மேல் பொடி எழுத்தில் ‘அவுட்புட்’ என்ற வரி இருக்கும். அதில் உள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வரும். பல வரிகள் இருந்தால், உங்கள் கைப்பேசி எந்த வரியை ஏற்கும் என்பதே கேள்வி. வேகமான சார்ஜிங்குக்குப் பொதுத் தரநிலையான யூஎஸ்பி பவர் டெலிவரி ஒரு வழி. சூப்பர்வூக் போலத் தயாரிப்பாளர்கள் தமக்கென வைத்திருக்கும் முறைகள் இன்னொரு வழி. இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. தனி முறையில் 65 வாட்டோ 80 வாட்டோ வாங்கும் கைப்பேசியை வேறு நிறுவனத்தின் 100 வாட் அடாப்டரில் செருகினால், இரண்டுக்கும் பொதுவான கீழ்நிலை வேகத்துக்கு இறங்கிவிடும். பெரிய எண் அச்சிட்ட அடாப்டரை வாங்கியும் பயனில்லை என்று வருந்துவோரில் பலருக்கு நடந்திருப்பது இதுதான்.

அடுத்தது கேபிள். இருபுறமும் யூஎஸ்பி சி தலை உள்ள சாதாரண கேபிள் 3 ஆம்பியர் வரை தாங்கும். அதற்கு மேல் 5 ஆம்பியர் வரை செல்ல வேண்டுமானால் கேபிளின் தலைக்குள் ஓர் அடையாளச் சில்லு இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் சார்ஜர் தானாகவே 3 ஆம்பியருக்குள் அடங்கிக்கொள்ளும். தனி முறைகள் சிலவற்றுக்குப் பெட்டியோடு வந்த கேபிளே வேண்டும். மிக நீளமான, மிக மெல்லிய கேபிளில் மின்னழுத்தம் வழியிலேயே குறைந்துவிடும் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

பல போர்ட் உள்ள அடாப்டரில் மொத்த வாட் பகிர்ந்து கொடுக்கப்படுகிறது. இரண்டாவது சாதனத்தைச் செருகிய கணத்தில் முதல் சாதனம் ஒரு நொடி துண்டிக்கப்பட்டு மீண்டும் இணைந்தால், அடாப்டர் கணக்கை மறுபடி போடுகிறது என்று பொருள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் மெதுவாகவே ஏறினால் சூட்டைப் பாருங்கள். தடித்த உறை, வெயில் படும் மேசை, சார்ஜ் ஏறும்போதே விளையாட்டு என்பவை சேரும்போது கைப்பேசி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். உறையைக் கழற்றி, விமானப் பயன்முறையில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். வேகம் திரும்பினால் செலவே இல்லை. யூஎஸ்பி மீட்டர் என்ற சிறு கருவியை அடாப்டருக்கும் கேபிளுக்கும் இடையில் செருகினால் வோல்ட்டும் ஆம்பியரும் கண்ணெதிரே தெரியும். இந்தக் கோளாறை அடிக்கடி சந்திப்பவர்கள் புதிய அடாப்டர் வாங்குவதற்கு முன் இதை வாங்குவது நல்லது என்பது என் கருத்து.

80 விழுக்காட்டில் நின்றுவிடுகிறது

பெரும்பாலும் இது கோளாறே இல்லை. பேட்டரியின் ஆயுளைக் கூட்டுவதற்காக 80 விழுக்காட்டில் நிறுத்தும் தெரிவு இப்போது பல கைப்பேசிகளில் இருக்கிறது. ஐபோன்களில் 15 வரிசை முதல் இது உண்டு, ஆண்ட்ராய்டில் பேட்டரிப் பாதுகாப்பு என்பது போன்ற பெயரில் இருக்கும். இரவில் 80 விழுக்காட்டில் நின்று, நீங்கள் எழும் நேரத்தை ஒட்டி மீதியை நிரப்பும் தகவமைப்பு சார்ஜிங் இன்னொரு வகை. அமைப்புகளில் பேட்டரி பகுதிக்குச் சென்று இரண்டையும் பாருங்கள். பயணத்துக்கு முந்தின நாள் மட்டும் அணைத்துக்கொண்டு மற்ற நாள்களில் இயக்கியே வைத்திருப்பதை நான் பரிந்துரைப்பேன்.

நிற்காமல், 80-க்கு மேல் மந்தமாகிறது என்றால் அதுவும் இயல்பே. லித்தியம் பேட்டரி நிரம்ப நிரம்ப மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டேதான் சார்ஜர் வேலை செய்யும்.

போர்ட்டில் ஈரம் என்று எச்சரிக்கை வருகிறது

கேபிளை இரு முனையிலும் கழற்றிவிடுங்கள். போர்ட் கீழ்நோக்கி இருக்கும்படி கைப்பேசியைப் பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டி, காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் குறைந்தது அரை மணி நேரம் வையுங்கள். முழுவதும் உலர ஒரு நாள்வரைகூட ஆகலாம். அரிசிக்குள் புதைக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும்; அரிசித் தூள் போர்ட்டுக்குள் போய்ப் புதிய கோளாறைத்தான் தரும், ஆப்பிள் நிறுவனமும் தன் வழிகாட்டுதலில் இதைச் செய்ய வேண்டாம் என்கிறது. தலைமுடி உலர்த்தியின் சூடான காற்றும், போர்ட்டுக்குள் திணிக்கும் பஞ்சும் வேண்டாம். அவசரமென்றால், கைப்பேசியின் பின்புறத்தைத் துடைத்துவிட்டுக் கம்பியில்லா சார்ஜரில் வைக்கலாம்.

ஒரு நாள் உலர்ந்த பின்னும் எச்சரிக்கை மறையாவிட்டால் முதலில் வேறு கேபிள் ஒன்றால் பாருங்கள். ஈரம் கேபிளின் தலையிலும் தங்கும். பிறகு மறுதொடக்கம் செய்யுங்கள். அப்போதும் வந்தால் போர்ட்டில் படிவோ அரிப்போ இருக்கும். விழுந்தது கடல்நீரிலோ தேநீரிலோ என்றால் ஒரு நாள் காத்திருக்கவே வேண்டாம், உப்பும் சர்க்கரையும் உலர்ந்த பின்னும் உள்ளேயே தங்கும். அணைத்துவிட்டு உடனே சேவை மையத்துக்குக் கொண்டு செல்லுங்கள்.

30 விழுக்காடு இருக்கும்போதே அணைந்துவிடுகிறது

இங்கேதான் பேட்டரியைச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருக்கிறது. பேட்டரி முதிரும்போது அதன் உள்மின்தடை கூடுகிறது. கேமராவைத் திறப்பது போன்ற ஒரு பெரிய வேலை வந்த நொடியில் மின்னழுத்தம் சட்டென்று கீழே சரிந்து, மீதம் இருந்தும் கைப்பேசி அணைந்துபோகிறது. குளிரான இடத்தில் இது இன்னும் அதிகமாகும், ஆகவே அறை வெப்பத்திலும் இது நிகழ்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதற்கடுத்த சோதனை, விழுக்காட்டுக் கணக்கே தவறாக இருக்கிறதா என்பது. ஒருமுறை தானாக அணையும்வரை பயன்படுத்திவிட்டு, இடையில் நிறுத்தாமல் 100 வரை ஏற்றுங்கள். இதனால் பேட்டரி புதிதாகாது. காட்டும் எண் மட்டும் திருந்தும். சிலருக்கு அந்த எண்தான் சிக்கலாக இருந்திருக்கும். இதை மாதந்தோறும் செய்ய வேண்டியதில்லை, முழுவதும் தீர்ப்பது பேட்டரிக்கு உகந்ததன்று.

பிறகு பேட்டரியின் நலத்தை, அதாவது தொடக்கக் கொள்ளளவில் இப்போது எத்தனை விழுக்காடு மீதம் என்ற எண்ணைப் பாருங்கள். ஐபோனில் 2018-இல் வந்த ஐஓஎஸ் 11.3 முதல் அமைப்புகளின் பேட்டரி பகுதியிலேயே இது தெரிகிறது. ஆண்ட்ராய்டில் சில நிறுவனங்கள் அமைப்புகளிலும், சில நிறுவனங்கள் தம் சோதனைச் செயலியிலும் காட்டுகின்றன. ஆப்பிள் தரும் கணக்குப்படி, ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழு சார்ஜ் சுற்றுக்குப் (மொத்தம் 100 விழுக்காடு செலவானால் ஒரு சுற்று) பிறகும், 15 வரிசை 1000 சுற்றுக்குப் பிறகும் தொடக்கக் கொள்ளளவில் 80 விழுக்காட்டைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. நலம் 80-க்குக் கீழே இருந்து, திடீர் அணைவும் இருந்தால் பேட்டரியை மாற்றுங்கள். நலம் 90-க்கு மேல் இருந்தும் அணைந்தால் பேட்டரிக்குப் பணம் கொடுக்காதீர்கள். மதர்போர்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

அணையவில்லை, சார்ஜ் வேகமாக இறங்க மட்டும் செய்கிறது என்றால் பேட்டரிப் பயன்பாட்டுப் பட்டியலைப் பாருங்கள். பெரிய மென்பொருள் புதுப்பிப்புக்குப் பின் ஓரிரு நாள் இப்படி இருப்பது வழக்கம். சிக்னல் மிகவும் பலவீனமான இடத்தில் நாள் முழுவதும் இருப்பதும் போதுமான காரணமே.

சார்ஜ் ஏறும்போது தொடுதிரை தாறுமாறாக இயங்குகிறது, உடலில் மெல்லிய அதிர்வு தெரிகிறது

கேபிளைக் கழற்றியவுடன் திரை சரியாகிவிட்டால் குற்றவாளி அடாப்டர்தான். மலிவான அடாப்டர்களில் வடிகட்டும் சுற்று மோசமாக இருப்பதால் மின் இரைச்சல் திரையின் உணர்விகளைக் குழப்புகிறது. திரையை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், வேறு நல்ல அடாப்டரில் செருகிக் காட்டிவிட்டுப் பேசுங்கள்.

உலோக உடலின் மேல் விரலை மெல்ல ஓட்டும்போது தெரியும் இலேசான அதிர்வு, இரண்டு முள் அடாப்டர்களில் நல்லவற்றிலும் இருக்கக்கூடியது. இரைச்சலை அடக்க வைத்துள்ள மின்தேக்கி வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்னோட்டமே அது. சுள்ளென்று அடித்தால் கதை வேறு. அந்த அடாப்டரை அன்றோடு விலக்கிவிடுங்கள்.

காதில் மாட்டும் சிறு கருவிகள் ஒரு கேபிளில் மட்டும் ஏறுகின்றன

இயர்பட்ஸ், சிறு விளக்கு, டிரிம்மர் போன்றவற்றில் இது அடிக்கடி வருகிறது. ஒருபுறம் பழைய அகலமான யூஎஸ்பி ஏ தலையும் மறுபுறம் சி தலையும் உள்ள கேபிளில் ஏறும். இருபுறமும் சி உள்ள கேபிளில் ஏறாது. கருவியைத் தயாரித்தவர் போர்ட்டில் வைக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் மின்தடையை விட்டுவிட்டார் என்பதே காரணம். அது இல்லாததால் சி அடாப்டர் எதிரே ஒரு சாதனம் இருப்பதையே உணராது. வீட்டில் திருத்தக்கூடியது இல்லை. ஏ தலை உள்ள கேபிளையும் அடாப்டரையும் அதற்கென ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பியில்லா சார்ஜரில் வைத்தால் விட்டு விட்டு ஏறுகிறது

உறைக்குள் வங்கி அட்டையோ, வாகனத் தாங்கிக்கான உலோகத் தகடோ இருந்தால் எடுத்துவிடுங்கள். தகடு சூடேறும், அட்டை கெடும். பிறகு கைப்பேசியைச் சிறிது மேலும் கீழும் நகர்த்திக் கம்பிச்சுருளின் நடுவில் படும் இடத்தைக் கண்டறியுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் சார்ஜருக்கு மின்சாரம் தரும் அடாப்டரின் வாட்டைப் பாருங்கள். 15 வாட் கம்பியில்லா சார்ஜரை 5 வாட் அடாப்டரில் இணைத்திருப்பார்கள்.

கையில் பிடிக்க முடியாத சூடு, வீக்கம், வாடை

வேகமாக ஏறும்போது கைப்பேசி வெதுவெதுப்பாவது இயல்பு. கேபிளின் தலை மட்டும் தனியாகக் கொதித்தால், தொடுமுனையில் அழுக்கோ தளர்ச்சியோ இருக்கிறது. கேபிளை மாற்றி, போர்ட்டைச் சுத்தம் செய்யுங்கள். தலையில் பழுப்புக் கருகல் தெரிந்தால் அந்தக் கேபிள் இனி எதற்கும் உதவாது.

திரை ஓரத்தில் எழும்பியிருப்பது, பின்மூடி உப்பியிருப்பது, மேசையில் வைத்தால் கைப்பேசி ஆடுவது ஆகியவை பேட்டரி வீங்கியதன் அடையாளங்கள். உள்ளே மின்பகுபொருள் சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது. சார்ஜரைக் கழற்றி, கைப்பேசியை அணைத்து, எரியக்கூடிய பொருள் எதுவும் அருகில் இல்லாத கெட்டியான தளத்தில் வையுங்கள். அழுத்தித் தட்டையாக்க முயல்வதும், காற்றை வெளியேற்ற ஊசியால் குத்துவதும் தீயில் முடியும். தரவைப் பிரதியெடுக்க இன்னொரு முறை சார்ஜ் ஏற்றிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு, கூடாது. புதிய பேட்டரி போட்ட பிறகு தரவு அங்கேயேதான் இருக்கும். சேவை மையத்துக்கு எடுத்துச் செல்லும்போது சட்டைப்பையில் வைக்காதீர்கள், பழைய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவாக ஒப்படைக்கச் சொல்லுங்கள். புகை வந்தால் கையில் எடுக்காமல் விலகி நின்று தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும்போது

வீக்கம் இல்லாத பட்சத்தில் கொடுப்பதற்கு முன் தரவைப் பிரதியெடுத்துவிடுங்கள். போர்ட் செத்திருந்தாலும் வைஃபை வழியாக இதைச் செய்யலாம். உத்தரவாதக் காலம் மீதமிருந்தால் வெளியே யாரும் திறக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கேபிளில், எந்த அடாப்டரில், எத்தனை விழுக்காட்டில் என்ன நடந்தது என்பதை எழுதிக் கொடுத்தால் அவர் தொடக்கத்திலிருந்து தேட வேண்டியதில்லை, உங்களிடம் தேவையில்லாத பாகத்தை விற்பதும் எளிதாக இருக்காது. ‘எல்லாவற்றையும் மாற்றினால்தான் தெரியும்’ என்று பதில் வந்தால் வேறொருவரிடம் காட்டுங்கள். பேட்டரியோ போர்ட்டோ மாற்றப்பட்டால் கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள், திரும்பப் பெறும்போது உங்கள் சொந்தக் கேபிளைச் செருகி, சார்ஜ் ஏறுவதைக் கண்ணால் பார்த்த பின்பே பணம் கொடுங்கள்.